மல்லசமுத்திரத்து ஆந்தைக் குஞ்சுகள்

சேலத்திற்கும் திருச்செங்கோட்டிற்கும் இடைப்பட்ட சமவெளியில் அமைந்த பேரூர் மல்லசமுத்திரம். கைமுறுக்குக்குப் பெயர்பெற்ற ஆட்டையாம்பட்டியும், குன்றின்மேல் முருகன் கோயில் விளங்கும் வையப்பமலையும் இதன் அண்டை ஊர்கள். 1997-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கும்வரை இவ்வூர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 'சமுத்திரம்' என்று முடியும் ஊர்ப் பெயர்கள் தமிழகத்தில் பெரும்பாலும் ஏரியை ஒட்டி எழுந்தவை. கடலைக் காணாத மக்கள், மழைநீர் நிறைந்த தம் ஏரியைக் கடலென்று அழைத்து மகிழ்ந்தனர் போலும்!

ஊரைச் சுற்றிலும் பருத்தி, நிலக்கடலை, சோளம், மரவள்ளி ஆகியவை விளையும் மேட்டு நிலங்கள். வேளாண்மைக் கூட்டுறவு விற்பனைச் சங்கக் கிளையில் நடைபெறும் பருத்தி ஏலத்திற்குச் சுற்றுப்புற உழவர்கள் மூட்டைகளோடு வருவர். விசைத்தறிகளின் ஓசை தெருக்களில் ஓயாது கேட்கும். வரப்புகளில் பனைகள், சாலையோரம் புளியும் வேம்பும், இடையிடையே கொங்கு மக்கள் 'கரடு' என்றழைக்கும் பாறைக் குன்றுகள் – இதுவே இந்நிலத்தின் தோற்றம். புகழ்பெற்ற அருவியோ, மலை வாழிடமோ இங்கில்லை. ஆயினும், பொழுது சாயும் வேளையில் ஒரு பழங்கிணற்றின் அருகே அரைமணி நேரம் அமைதியாக அமர்ந்திருக்கும் பொறுமை உடையவருக்கு இவ்வூர் அரியதொரு காட்சியை வழங்கும். ஆந்தைக் குஞ்சுகள் உலகை முதன்முதலாக எட்டிப் பார்க்கும் காட்சியே அது.

மூவகை ஆந்தைகள்

இச்சமவெளியில் நாம் காணக்கூடிய ஆந்தைகளுள் மூன்று முதன்மையானவை. முதலாவது புள்ளி ஆந்தை. மைனாவைவிடச் சற்றே பருத்த சிறு பறவை. பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் தெளித்திருக்கும். மாலையில் மின்கம்பியிலோ வேப்பங்கிளையிலோ இணையாக அமர்ந்து, நம்மைக் கண்டதும் தலையை மேலும் கீழும் அசைத்து வேடிக்கை காட்டும். மரப்பொந்து, சுவர்த்துளை, பாழடைந்த கட்டடம் ஆகியவற்றில் மூன்று நான்கு முட்டைகளிடும்.

இரண்டாவது கூகை. நெஞ்சு வடிவில் வெண்முகமும், பொன்னிற முதுகும் கொண்டது. பழைய கோயில்கள், களஞ்சியங்கள், கைவிடப்பட்ட கிணறுகள் ஆகியன இதன் இருப்பிடங்கள். மேனாடுகளில் ஆலய மணிக்கூண்டுகளில் தங்குவதால் இதற்குக் 'கோயில் ஆந்தை' என்றொரு பெயரும் உண்டு.

மூன்றாவது கொம்பன் ஆந்தை. தலையில் இரு கொம்புகள்போல் இறகுக்கற்றை நிமிர்ந்திருக்கும் பெரும் பறவை. பாறைக் கரடுகளின் இடுக்குகளிலும், ஓடைக்கரையின் செங்குத்தான மண்சரிவுகளிலும் கூடு ஏதும் கட்டாமல் வெறுந்தரையிலேயே முட்டையிடும். ஏறத்தாழ முப்பத்துமூன்று நாள்களில் குஞ்சுகள் வெளிவரும். அவை பெற்றோரைச் சார்ந்து வாழும் காலமோ கிட்டத்தட்ட ஆறு மாதங்கள்! புதுச்சேரியைச் சுற்றியுள்ள பகுதியில் இப்பறவையின் குஞ்சுகள் வளரும் முறையை ஆராய்ந்து எம். எரிக் இராமானுஜம், முருகவேள் ஆகிய இருவரும் 2009-ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டுள்ளனர். நம் தமிழ் நிலத்து ஆந்தைகளைப் பற்றிய அரிய பணி இது.

பழியும் பரிவும்

இவ்வளவு அண்மையில் வாழும் பறவையை நம் மக்கள் அன்போடு நோக்குவதில்லை. 'சாக்குருவி' என்று பெயரிட்டு, அது அலறினால் வீட்டில் சாவு விழும் என்று அஞ்சுவோர் இன்றும் உளர். நோயாளி உள்ள வீட்டில் இரவெல்லாம் விளக்கெரிகின்றது. விளக்கொளிக்குப் பூச்சிகள் வருகின்றன. பூச்சிகளைத் தின்ன ஆந்தை வருகின்றது. வந்த பறவையின் குரலைக் கேட்டவர்கள், மறுநாள் நிகழ்ந்த மரணத்திற்கு அதனையே காரணமாக்கினர் என்று கொள்வது தவறாகாது.

நம் முன்னோர் அனைவரும் அவ்வாறு வெறுத்தாரல்லர். நற்றிணையின் 83-ஆம் பாடலில், தலைவியின் தோழி ஊர்முகப்பில் மரத்தில் வாழும் கூகையை அழைத்து, அதற்கு ஊன்சோறும் சுட்ட எலியும் தருவதாகக் கூறி, தலைவன் வரும் இரவில் குரலெழுப்ப வேண்டாமென்று கெஞ்சுகின்றாள். புறநானூற்றுப் புலவர் ஒருவருக்குக் கூகைக் கோழியார் என்பதே பெயராயிற்று. திருவள்ளுவரோ காலமறிதல் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே காக்கையையும் கூகையையும் எடுத்துக்காட்டி, பகலில் காக்கை கூகையை வெல்லும் உண்மையைச் சுட்டுகின்றார். அவர் கண்டது வெறும் உவமையன்று. பகலில் வெளிப்பட்ட ஆந்தையைக் காக்கைகள் கூட்டமாகத் துரத்துவதை இன்றும் நாம் காணலாம். இச்செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்துக. நிழற்படம் எடுப்பது பற்றிப் பேசும்போது இது மீண்டும் தேவைப்படும்.

திருவிவிலியத்தின் 102-ஆம் திருப்பாடலிலும், துன்பத்தில் தனித்துக் கிடப்பவர் தம்மைப் பாழிடத்து ஆந்தைக்கு ஒப்பிடுகின்றார். அங்கே ஆந்தை சாவின் தூதுவனன்று; துயருறும் மனிதனின் துணை.

பொந்தினுள் ஒரு குடும்பம்

பறவைகளின் இளமைக்குப் 'பார்ப்பு', 'பிள்ளை' என்னும் இரு பெயர்களைத் தொல்காப்பியத்தின் மரபியல் வகுத்துள்ளது. மனிதக் குழந்தைக்குரிய 'பிள்ளை' என்னும் சொல்லை நாம் அணிலுக்கும் கிளிக்கும் கொடுத்தோம். ஆந்தையின் பிள்ளைகளும் அதற்குத் தகுதியுடையவையே.

கோழி முட்டைகள் அனைத்தும் ஒரே நாளில் பொரிப்பது நமக்குத் தெரியும். ஆந்தைகளிடம் அவ்வாறில்லை. முதல் முட்டை இட்டதுமே தாய் அடைகாக்கத் தொடங்கிவிடும். ஆகவே முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் இடையே பல நாள் வேறுபாடு உண்டாகின்றது. ஒரே பொந்தில், இறகு முளைத்த மூத்த பிள்ளையும், வெண்பஞ்சு போன்ற மென்மயிர் மட்டுமே உடைய கடைக்குட்டியும் அருகருகே நிற்கும். இரை மிகுந்தால் எல்லாம் பிழைக்கும். குறைந்தால் கடைக்குட்டி மெலிந்து மடியும்.

இதனைக் கேட்போர், மூத்தவை இளையவற்றை நசுக்கிவிடும் என்றே எண்ணுவர். சுவிட்சர்லாந்து நாட்டு லோசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ருலேன் என்னும் அறிஞர் கூகைக் குஞ்சுகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து வேறொன்றைக் கண்டறிந்தார். பெற்றோர் இரையோடு திரும்புவதற்கு முன்னரே குஞ்சுகள் ஒன்றையொன்று நோக்கிக் குரல் கொடுக்கின்றன. எது மிகுந்த பசியோடு இருக்கின்றதோ அது மிகுதியாகக் கத்தும். பசி குறைந்த குஞ்சு குரலைத் தாழ்த்தி, அம்முறை வரும் இரையை மற்றதற்கு விட்டுக்கொடுக்கும். சில வேளைகளில் மூத்த குஞ்சு தனக்குக் கிடைத்த எலியையே இளையதற்கு ஊட்டுவதுமுண்டு. ஒரே தட்டில் உண்ணும் பிள்ளைகளுள்ள நம் வீடுகளில் இச்செய்தியை உரக்கப் படிக்கலாம்!

கருவியோடு வந்தவர்கள்

ஆந்தைகளைப் படமெடுக்க விழைந்தோர் பலர். அவர்களுள் உலகறிந்தவர் இங்கிலாந்தின் எரிக் ஹாஸ்கிங் (1909–1991). 1937-ஆம் ஆண்டு மே மாதத்தில், குஞ்சுகளோடிருந்த காட்டாந்தை ஒன்றைப் படமெடுக்க இரவில் தம் மறைவிடத்திற்கு ஏறினார். குஞ்சுகளுக்குத் தீங்கு நேருமென்று அஞ்சிய பறவை ஓசையின்றிப் பாய்ந்து, அவருடைய இடக்கண்ணை நகத்தால் கிழித்தது. நோய் மறுகண்ணுக்கும் பரவாமலிருக்க அக்கண் அகற்றப்பட்டது. அவர் தொழிலைக் கைவிடவில்லை, அப்பறவையை வெறுக்கவுமில்லை. 1970-இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றுக்கு, 'ஒரு பறவைக்காக ஒரு கண்' என்ற பொருளும் தொனிக்கும் தலைப்பைச் சூட்டினார்.

நம் நாட்டில் மா. கிருஷ்ணனை (1912–1996) மறத்தலாகாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் இளைய மகனான இவர், கருப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்த நிழற்படக் கருவியைத் தோளில் சுமந்து காடுகளில் திரிந்தார். 1950 முதல் 1996 வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். தொலைவிலுள்ள காடுகளை மட்டுமின்றி, வீட்டுத் தோட்டத்துப் பறவைகளையும் அதே அக்கறையோடு நோக்கியவர் அவர்.

ஹாஸ்கிங் காலத்தில் கருவிகள் கனத்தவை. பறவைக்கு மிக அருகில் சென்றாலன்றிப் படம் அமையாது. இன்று தொலைநோக்கு வில்லைகள் வந்துவிட்டன. கைப்பேசியிலேயே படம் எடுக்கின்றோம். கருவி எளிதானதால் கூட்டை நாடி வருவோர் பெருகினர். முன்னர் ஆண்டுக்கு ஒருவர் வந்த பொந்துக்கு, இடம் வெளியானால் ஒரே வாரத்தில் முப்பது பேர் வரக்கூடும். இன்றைய இடர் இதுவே.

பழங்கிணற்று ஓரத்தில்

மாசி மாதத்து மாலை ஒன்றில், மல்லசமுத்திரத்தை அடுத்த ஒரு தோட்டத்துக் கிணற்றருகே நிற்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு பேர்பெற்றது. அவ்வண்டிகள் வந்தபின், கல்கட்டிய பழைய கிணறுகள் பல வறண்டு பயனற்றுப் போயின. மனிதர் கைவிட்ட அக்கிணறுகளின் சுவர்த்துளைகளில் புறாக்களும் மைனாக்களும் ஆந்தைகளும் குடிபுகுந்தன. நான் கண்ட கிணற்றில் புள்ளி ஆந்தை ஒன்று குஞ்சு பொரித்திருந்தது.

நிலத்துக்குரிய பெரியவர் வரப்பில் அமர்ந்திருந்தார். "வாங்க, உக்காருங்க. மூணு குஞ்சுங்க இருக்குதுங்க. அடுத்த வாரம் மண்ணு லோடு வருதுங்க. கிணத்தை மூடிப்போடலாம்னு இருக்கறோம். கொழந்தைங்க ஓடியாடற இடமுங்க," என்றார்.

அவர் மனைவியார், "சாக்குருவிங்க. ஊட்டுக்குப் பக்கத்துல ஆவாதுன்னு எங்க அம்மாயி சொல்லும்," என்று சேர்த்துச் சொன்னார்.

பேரனோ கையில் கயிறும் கைவிளக்குமாக நின்றான். கயிற்றில் கைப்பேசியைக் கட்டி உள்ளே இறக்கிப் படமெடுப்பது அவன் திட்டம். "அப்பாரு, ஒரே ஒரு வாட்டி," என்று கெஞ்சினான்.

அவன் விருப்பம் இயல்பானதே. ஆனால் விளக்கொளி திடீரென்று முகத்தில் பட்டால், பறக்கத் தெரியாத குஞ்சு துள்ளி விழும். கீழே நாற்பதடி ஆழம். தாய்ப்பறவை வெகுண்டு பகலொளியில் வெளியேறினால் புளியமரத்துக் காக்கைகள் சும்மா விடா. அவனிடம் இவற்றை எடுத்துரைத்து, கிணற்றிலிருந்து இருபது அடி தள்ளி வேம்பின் நிழலில் இருவரும் அமர்ந்தோம்.

கதிரவன் மறைந்த சிறிது நேரத்தில், எதிர்ச்சுவர்த் துளையில் ஒரு வட்ட முகம் தோன்றியது. பின்னர் அதன் தோள்மேல் இன்னொன்று. மூன்றாவதன் நெற்றி மட்டுமே தெரிந்தது. மஞ்சள் விழிகள் நம்மை நோக்கின. ஆந்தையின் கண்கள் குழிக்குள் அசையாமல் பொருந்தியவை. ஆகையால் எதைப் பார்க்க வேண்டினும் தலையையே திருப்ப வேண்டும். அக்குஞ்சுகள் கழுத்தைச் சாய்த்தும் வளைத்தும் எங்களை அளந்தன. கருவியை முக்காலியில் நிறுத்தி, ஒளிவிளக்கின்றி நான்கு படங்கள் எடுத்தேன். தாய் வாயில் பூச்சியோடு கிணற்றுமேட்டில் வந்தமர்ந்ததும், அது தயங்குவதைக் கண்டு நாங்கள் எழுந்து விலகினோம். படங்கள் மங்கலாகவே அமைந்தன. எனினும் மூன்று பிள்ளைகளும் ஒரே சட்டத்தினுள் இருந்தன. சிறுவனுக்கு அது போதுமானதாயிற்று.

பெரியவர் கேட்ட கேள்வி ஒன்றே: "இதுங்க எப்பங்க பறக்கும்?"

புள்ளி ஆந்தைக் குஞ்சுகள் ஏறத்தாழ நான்கு வாரத்தில் கூட்டை விட்டு வெளியேறும்; இவை துளைவாய்க்கு வரும் அளவு வளர்ந்தவை; ஆகவே இன்னும் இரண்டு மூன்று வாரங்கள் பொறுத்தால் போதும் என்றேன். அவர் மனைவியாரை நோக்கினார். அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கொழந்தைங்க அந்தப் பக்கம் போவாம முள்ளுப் போட்டு வைங்க. பங்குனி உத்தரம் கழிஞ்சு மூடிக்கலாம்," என்றார். சாக்குருவி என்று அவர் கொண்ட எண்ணம் மாறியதா, நான் அறியேன். பிள்ளைகள் வெளியேறும்வரை வீட்டை இடிக்கலாகாது என்பது அவருக்கு விளங்கியிருந்தது.

படமெடுப்போர் கடைப்பிடிக்க வேண்டியவை

நம் இளைஞர்களுள் பலர் இக்கலையில் நாட்டம் கொண்டுள்ளனர். அவர்களுக்குச் சில சொற்கள்.

முதலாவதாக, கூட்டுக்கு அருகே செல்லாமல், தொலைவில் நின்று நீண்ட வில்லையால் எடுத்தல் வேண்டும். பறவை நம்மையே உற்றுநோக்கினாலோ, உடலை ஒடுக்கி நீட்டி நின்றாலோ, அலகைக் கொட்டி ஒலியெழுப்பினாலோ, நாம் மிக நெருங்கிவிட்டோம் என்பதே பொருள். கொம்பன் ஆந்தைக் குஞ்சு இறக்கையைக் குடைபோல் விரித்துச் சீறுவது அச்சத்தால். அதனை அழகிய தோற்றமென்று கருதி மேலும் நெருங்குதல் கொடுமை.

இரண்டாவதாக, கூட்டை மறைக்கும் கிளைகளை வெட்டுதலாகாது. ஒரு கிளை அகன்றால் நமக்குப் படம் தெளிவாகும்; காக்கைக்கும் வல்லூறுக்கும் வழி திறக்கும்; கொளுத்தும் வெயிலும் குஞ்சின்மேல் விழும்.

மூன்றாவதாக, இரவில் ஒளிவிளக்கைப் பாய்ச்சுவதும், பதிவுசெய்த ஆந்தைக் குரலை ஒலிக்கச்செய்து பறவையை வரவழைப்பதும் தகாதவை. தன் எல்லைக்குள் அயலான் நுழைந்தான் என்று எண்ணி, அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். பொந்தில் பிள்ளைகள் பட்டினி கிடக்கும்.

நான்காவதாக, இடத்தை ஊரறியச் செய்யாதிருத்தல். படத்தைக் காட்டுங்கள், கிணற்றைக் காட்டாதீர்கள். பறவை ஆர்வலர் பலர் கூட்டுப் படங்களை வெளியிடுவதையே இன்று தவிர்க்கின்றனர்.

சட்டமும் இதில் உறுதியாக உள்ளது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். துப்பாக்கி ஏந்தியவர் மட்டும் வேட்டைக்காரரல்லர் என்பது இதனால் பெறப்படும்.

இன்னொன்று: ஆந்தைக் குஞ்சுகள் நன்கு பறக்கக் கற்குமுன்னரே பொந்தைவிட்டுக் கிளைகளில் தத்தித் திரியும், சில தரையிலும் விழும். அவற்றை அனாதைகளென்று எண்ணி வீட்டிற்கு எடுத்துச் சென்று பாலும் சோறும் ஊட்டுவோர் உளர். அது பறவையைக் கொல்லும் அன்பு. காயமின்றி இருப்பின் அருகிலுள்ள கிளையில் ஏற்றிவிட்டு விலகினால், பெற்றோரே வந்து ஊட்டும். காயமுற்றிருப்பின் வனத்துறையினரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

வயலின் காவலர்

நிலக்கடலையும் சோளமும் விளைவிக்கும் இப்பகுதி உழவருக்கு எலிகளே பெரும் பகை. வளரும் பிள்ளைகளை உடைய கூகைக் குடும்பம் ஓர் இரவில் பல எலிகளைப் பிடிக்கும். ஆந்தை செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். அவ்வுருண்டைகளைப் பிரித்து எண்ணியே அறிஞர்கள் இதனை உறுதிசெய்துள்ளனர். இஸ்ராயேல் நாட்டின் பெத்சான் பள்ளத்தாக்கில், ஸ்தே எலியாகு என்னும் கூட்டுப்பண்ணையில் 1983-ஆம் ஆண்டில் கூகைகளுக்கு மரப்பெட்டிகள் அமைக்கத் தொடங்கினர். சவுல் அரசரின் உடல் மதில்மேல் தொங்கவிடப்பட்டதாகச் சாமுவேல் முதல் நூல் கூறும் அதே பெத்சான்தான். பின்னர் 2002-இல் எல்லைக்கு அப்பாலுள்ள யோர்தான் நாட்டு உழவரும் இம்முயற்சியில் இணைந்தனர். போரால் பிரிந்த நாடுகளின் வயல்கள்மேல் கூகை எல்லை பாராது பறக்கின்றது.

நம் நாட்டிலோ இப்பறவைக்கு இடர்கள் பல. நஞ்சுண்ட எலியைத் தின்று ஆந்தையும் சாகின்றது. கல்லுடைக்கும் பணியில் கரடுகள் மறைகின்றன. தீபாவளியை ஒட்டி மாந்திரீகத்திற்காக ஆந்தைகளைப் பிடித்து விற்கும் கொடிய வாணிகத்தை டிராஃபிக் இந்தியா அமைப்பு 2010-ஆம் ஆண்டில் அறிக்கையாக வெளிக்கொணர்ந்தது. மறுபுறம், மகாராட்டிரத்தில் புனேயை அடுத்த பிங்கோரி என்னும் சிற்றூரில் 2018-இல் இந்திய ஆந்தைத் திருவிழா நடத்தப்பெற்றது. பள்ளிச் சிறார்கள் ஆந்தை ஓவியங்கள் வரைந்து வந்து, பெற்றோரின் அச்சத்தைப் போக்கினர்.

அன்பார்ந்த பெற்றோரே, ஆந்தையைக் காண உங்கள் பிள்ளைகளை மல்லசமுத்திரம்வரை அழைத்துச் செல்ல வேண்டுமென்பதில்லை. உங்கள் ஊர்ப் பழங்கிணற்றிலும், பள்ளிக்கூடத்து ஆலமரத்திலும், ஆலயத்தின் கூரை இடுக்கிலும் புள்ளி ஆந்தையோ கூகையோ இருக்கக்கூடும். தை முதல் பங்குனி வரையிலான மாலைகளில் பிள்ளைகளோடு சற்றுத் தொலைவில் அமர்ந்து பாருங்கள். கருவி இருந்தால் ஓரிரு படங்கள் எடுங்கள், இல்லையெனினும் குறையொன்றுமில்லை. பழங்கட்டடம் இடிக்கவோ, பட்டமரம் வெட்டவோ, கிணற்றை மூடவோ நேரும்போது மட்டும், பணியைத் தொடங்குமுன் ஒருநாள் மாலை அங்கே சென்று உள்ளே யாரேனும் குடியிருக்கின்றனரா என்று பாருங்கள். இருந்தால், பிள்ளைகள் வெளியேறும்வரை தவணை கொடுங்கள்.